தொழில் தெரியும், தாள் இல்லை
நெல்லை வாசகர்களின் வேலைக் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களை அடுக்கிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. வேலை தெரியாதவர் என்று ஒருவரும் எழுதவில்லை. வேலை தெரிந்தும் அதைக் காட்ட ஒரு சான்று இல்லாதவர்களும், தப்பான தாளில் கையெழுத்துப் போட இருந்தவர்களுமே எழுதியிருக்கிறார்கள். அதனால் பதில்களிலும் தாள் பேச்சு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

மகன் பத்தாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் தவறிவிட்டான். வயது பதினேழு. பந்தல் வேலைக்கும் கேட்டரிங்குக்கும் மாறி மாறிப் போகிறான். பத்து முடிக்காதவனுக்கு ஐ.டி.ஐ.யில் என்ன இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுகிறார்கள். சேர்ப்பார்களா?
– ஒரு தாய், அம்பாசமுத்திரம் அருகே

சேர்ப்பார்கள். எட்டாம் வகுப்பு தேறியவர்களுக்கென்றே வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் உண்டு. வெல்டர் ஓராண்டு, வயர்மேன் இரண்டாண்டு. ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பேட்டை அரசு ஐ.டி.ஐ. உட்பட எந்த அரசு ஐ.டி.ஐ.யிலும் படிப்புக் கட்டணம் இல்லை. மாதம் ரூ.750 உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் அரசே தருகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000-க்கும் விண்ணப்பிக்கலாம். படித்த பள்ளிகளிலிருந்து அதற்கான சான்றை இப்போதே வாங்கி வையுங்கள். பள்ளி மாறியிருந்தால் அலைச்சல் இருமடங்கு.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஓராண்டில் முடிகிறதே என்று பலரும் வெல்டருக்கு ஓடுகிறார்கள். உங்கள் மகனுக்கு நாங்கள் இரண்டாண்டுப் பிரிவைத்தான் சொல்வோம். காரணம் இது: எட்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து, பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால், தமிழ்நாட்டில் அது பத்தாம் வகுப்புக்கு இணை. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து மொழித்தாள்கள் எழுதினால் பன்னிரண்டுக்கு இணை. பத்து தேறி இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. உங்கள் மகனுக்கு, பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளை எழுதாமலே பத்து முடிக்கும் பாதை இது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை. இரண்டே பாடம்தானே, துணைத் தேர்வை ஒரு முறை எழுதட்டும். தேறிவிட்டால் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் கதவு திறந்துவிடும். ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற கம்பெனிகள் கேட்பது இந்த இரண்டு பிரிவையும்தான். கோபுரத்துக்குள் ஏணியில் ஏறி இறங்கும் வேலை அது. உயரத்தில் வேலை செய்வதற்கும், தீ, முதலுதவிக்கும் தனிப் பயிற்சிச் சான்று கேட்பார்கள். அதற்கு இரண்டாண்டுதான் ஆயுள், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். உயரம் பார்த்தால் தலை சுற்றுகிறவனை அங்கே அனுப்பாதீர்கள்.

சேர்ந்த பிறகு பையன்கள் தடுக்குவது வருகைப் பதிவில். சீசனில் கல்யாணப் பந்தியில் பரிமாறினால் ஒரு நாளைக்குக் கையில் காசு வரும். அந்த ருசியில் மாதம் ஏழெட்டு நாள் மட்டம் போட்டால் வருகை குறைந்து தேர்வெழுத முடியாமல் போகும். பந்தி வேலையை ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசியில் வாங்க வேண்டிய தாள் தேசியத் தொழிற்சான்றிதழ். அது வந்ததும் வீட்டில் உட்காராமல் ஆலையில் தொழில் பழகுநராக ஓராண்டு அப்ரண்டிஸ் போகட்டும். 2019 விதிப்படியே குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை. முடித்தால் தனியாக இன்னொரு சான்றும் கிடைக்கும். பெரிய ஆலைகளில் ஆள் எடுக்கும்போது அந்த இரண்டாவது தாள் இருக்கிறவனைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள்.

வெல்டிங் பட்டறையில ஆறு வருசம் வேலை பாத்திருக்கேன். பத்தாவது முடிக்கல. சவுதிக்கு ஆள் எடுக்காங்கன்னு ஏஜென்ட் ஒருத்தர் ஒன்றரை லட்சம் கேக்காரு. மொதல்ல விசிட் விசால போயிட்டு அங்க போயி மாத்திக்கிடலாம்னு சொல்லுதாரு. நம்பிப் போகலாமா அண்ணாச்சி?
– வாசகர், மேலப்பாளையம்

போகாதீர்கள். அவர் சொன்ன இரண்டும் தப்பு.

முதலாவது, பணம். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் ரூ.30,000, அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் ரூ.35,400. அதுவும் வங்கி வழியாக, ரசீதோடு. கையில் கொடு என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

இரண்டாவது, விசா. பத்தாவது முடிக்காததால் உங்கள் பாஸ்போர்ட் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகை, அதாவது இ.சி.ஆர். சவுதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், அமீரகம், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு நீங்கள் வேலைக்குப் போக அந்த அனுமதி கட்டாயம். இந்த அனுமதியைத் தவிர்க்கத்தான் விசிட் விசா என்கிறார்கள். அப்படிப் போனவருக்கு அங்கே ஒப்பந்தம் கிடையாது, சம்பளம் தராவிட்டால் கேட்க இடமும் கிடையாது. விசா முடிந்த மறுநாளிலிருந்து நீங்கள்தான் குற்றவாளி. (பத்தாவது தேறியும் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று விழுந்தவர்கள், மதிப்பெண் சான்றைக் காட்டி மறுவெளியீட்டில் அதை நீக்கிக்கொள்ளலாம்.)

சரியான வழி இது. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்டின் உரிம எண்ணைப் போட்டு, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். போர்டில் எழுதியிருக்கிற எண்ணை நம்பாமல் நீங்களே தட்டிப் பாருங்கள். வேலைவிசா, முதலாளி கையெழுத்திட்ட ஒப்பந்தம், வேலை அழைப்பு ஆகிய மூன்றிலும் ஒரே தொழில், ஒரே சம்பளம் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வெல்டர், விசாவில் கிளீனர் என்று இருந்தால் அங்கே உங்களுக்கு கிளீனர் சம்பளம்தான். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு இரண்டாண்டுக்கு ரூ.275, மூன்றாண்டுக்கு ரூ.375. விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் ரூ.10 லட்சம். புறப்படும் முன் ஒருநாள் இலவசப் பயிற்சியும் உண்டு. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் ஆள் எடுக்கிறது. அதன் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

இனி, யாரும் உங்களுக்குச் சொல்லாத சங்கதி. பட்டறையில் கேட்டும் கிரில்லும் அடித்த கை வேறு, கம்பெனி டெஸ்டில் கேட்கிற கை வேறு. நீங்கள் பழகியது 6013 ராடு, கீழே வைத்து ஒட்டுவது. எண்ணெய், எரிவாயுக் கம்பெனிகள் கேட்பது 6ஜி என்ற வெல்டிங் நிலை. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் மாட்டிவிடுவார்கள். குழாயைத் திருப்பாமல் நீங்கள்தான் சுற்றி வரவேண்டும். அடியில் போடும் முதல் ஒட்டான ரூட் பாஸ் டிக் வெல்டிங்கில், மேலே நிரப்புவது 7018 ராடில். நம் ஊர்ப் பையன்கள் தோற்பது பெரும்பாலும் ரூட்டில். இடைவெளி இரண்டரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் சுற்றளவு முழுக்க ஒரே சீராக இல்லாவிட்டால் ஒரு பக்கம் உள்ளே இறங்காது, மறுபக்கம் ஒழுகும். அடுத்தது ராடு. 7018 ஈரத்தை உறிஞ்சும். பாக்கெட்டைப் பிரித்து மேசையில் போட்டுவைத்த ராடால் அடித்தால் உள்ளே காற்றுக் குமிழ் விழும், எக்ஸ்ரேயில் காட்டிக்கொடுத்துவிடும். 300 முதல் 350 டிகிரி வரை அடுப்பில் காயவைத்து, சூடான குடுவையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்து அடிக்க வேண்டும். தகட்டில் 3ஜி, 4ஜி, பிறகு குழாயில் 2ஜி, 5ஜி, கடைசியாக 6ஜி என்று ஒவ்வொரு நிலையாகப் படிப்படியாகப் பழகுங்கள். விலைக்கு வாங்கிய 6ஜி சான்று மும்பையில் கம்பெனி வைக்கிற டெஸ்ட் வரைக்குமே வராது.

ஏஜென்டுக்கு வைத்திருந்த ஒன்றரை லட்சத்தில் சிறு பங்கை இந்தப் பழக்கத்துக்குச் செலவழியுங்கள். ஏற்கெனவே கற்ற தொழிலுக்குச் சான்று தரும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற ஏற்பாடும் மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் இருக்கிறது. அது உள்ளூர் வேலைக்கு உதவும். 6ஜிக்கு மாற்றாகாது.

இதே ஏஜென்ட் நாளைக்கு 'தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் எழுபதாயிரம்' என்று உங்கள் தம்பியைக் கேட்டு வரலாம். மியான்மர், கம்போடியா, லாவோசில் அடைத்து வைத்து இணைய மோசடி செய்யவைத்த கும்பல்கள் நம் பிள்ளைகளைப் பிடித்தது இந்த வார்த்தையை வைத்துத்தான்.

நெல்லை டவுனில் ஹோட்டல் நடத்துகிறேன். ஒடிசா, பீகார் பையன்கள் ஒன்பது பேர், உள்ளூர்க்காரர்கள் ஐந்து பேர். வடக்கத்திப் பையன்கள் மூன்று மாதம் நின்று தொழில் பழகியதும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள். ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? சட்டப்படி நான் செய்ய வேண்டியது என்ன?
– ஹோட்டல் உரிமையாளர்

ஆதாரின் நகல் வைத்துக்கொள்ளுங்கள். அசலை வாங்கி வைக்காதீர்கள். முன்பணம் கொடுத்துவிட்டு, அட்டையைப் பிடித்துவைத்து, கடன் தீரும்வரை போகக்கூடாது என்றால் அது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. செங்கல் சூளைக்காரர்கள் மாட்டுவது இதில்தான். கோட்டாட்சியர் வந்து விடுவிப்புச் சான்று கொடுத்தால், கொடுத்த முன்பணமும் போச்சு, வழக்கும் ஆச்சு.

உங்களிடம் மொத்தம் பதினான்கு பேர். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பொருந்தும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. உங்களுக்கும் உண்டு. ரூ.21,000 வரை சம்பளம் வாங்குகிற எல்லாரும் அதில் சேர வேண்டும். தொழிலாளி 0.75 சதவீதம், நீங்கள் 3.25 சதவீதம். ரூ.14,000 சம்பளம் என்றால் அவருக்கு ரூ.105, உங்களுக்கு ரூ.455. பரோட்டாக் கல்லில் கை வெந்தால் ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் கல்லாவிலிருந்து போகாமல் இருக்க இந்த 455 ரூபாய் மலிவு. சேர்ந்த நாளிலிருந்தே மருத்துவம் உண்டு. பி.எஃப். கட்டாயம் இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதன்படி ஆளுக்கொரு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். வேலையை விட்டுப் போகிறவருக்குக் கணக்கு இரண்டு வேலைநாளுக்குள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வெளிமாநிலத்தவர் இருக்கிற இடத்தில் ஊர் போய்வரும் பயணச் செலவும் முதலாளி பொறுப்பு. உங்களிடம் ஒன்பதுதான். அந்தப் பத்தாவது ஆளுக்காகக் காத்திருக்காமல் நீங்களே கொடுத்துப் பாருங்கள். ஏன் என்று கீழே சொல்கிறோம்.

சம்பளத்தை வங்கியில் போடுங்கள். 'உள்ளூர் முகவரி இல்லை, கணக்குத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்' என்று பையன்கள் சொல்வார்கள். ஆதாரில் ஊர் முகவரி இருந்தாலும், இப்போது தங்கியிருக்கிற முகவரியைச் சுயஉறுதியாக எழுதிக் கொடுத்தால் போதும், விதி அதுதான். ரேஷனும் அப்படியே. 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாடு ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இருக்கிறது. ஊரில் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அட்டை இருக்கிறவர் அதை மாற்றவே வேண்டாம். அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ சொல்லி, விரல்ரேகை வைத்து, இங்கே தன் பங்கை வாங்கலாம். மீதிப் பங்கை ஊரில் மனைவி வாங்கிக்கொள்ளலாம். ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினால், பாத்திரம் கழுவித் தேய்ந்த விரல்தான் காரணம். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

வயதில் கவனம். பல ஆதார் அட்டைகளில் பிறந்த தேதி ஜனவரி 1 என்றிருக்கும். பதியும்போது ஆண்டை மட்டும் சொல்லி, தேதியை எந்திரம் போட்டது அது. முகம் பார்த்தால் பொடியனாக இருந்தால் பள்ளிச் சான்று கேளுங்கள். பதினான்குக்குக் கீழ் என்றால் வழக்கு உங்கள் மேல்தான்.

ஓடிப்போவதற்கு வருவோம். பீகார்ப் பையன் தீபாவளி முடிந்த ஆறாம் நாள் வருகிற சத் பூஜைக்கு ஊரில் இருந்தாக வேண்டும். ஒடிசாக்காரனுக்கு ஜூனில் ரஜ பண்டிகை. நமக்குப் பொங்கல் மாதிரி. லீவு கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தவன் கேட்காமலே போவான். ஆண்டுத் தொடக்கத்திலேயே யார் எப்போது போவது என்று சுவரில் ஒட்டிவிடுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். போகிற டிக்கெட்டோடு திரும்புகிற டிக்கெட்டையும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். திரும்பி வர டிக்கெட் இருக்கிறவன் திரும்பி வருவான். இன்னொன்று, சம்பள உயர்வு. எடுபிடியாக வந்தவன் மாவு பிசைய, அப்புறம் கல்லில் நிற்க என்று தொழில் ஏறும்போது சம்பளம் ஏறவில்லையென்றால், வண்ணார்பேட்டையில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தருகிற கடை அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடும். அதில் அவன் தப்பு ஒன்றும் இல்லை.

ஊரில் நடந்த கோஷ்டித் தகராறில் என் பெயரும் என் அண்ணன் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறிவிட்டது. அப்போது எனக்கு 17, அவனுக்கு 20. என் வழக்கு சிறார் நீதிக் குழுமத்தில் எச்சரித்து விட்டதோடு முடிந்தது. அண்ணன் வழக்கு நடக்கிறது. நான் போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். அவன் சென்னையில் கம்பெனி வேலை தேடுகிறான், பாஸ்போர்ட்டும் எடுக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் எதிர்காலம் இருக்கிறதா?
– வாசகர், நாங்குநேரி வட்டம்

இந்தக் கேள்வி நெல்லையில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எழுதியவருக்கே தெரிந்திருக்கும். தனித்தனியாகப் பதில் சொல்கிறோம்.

முதலில் நீங்கள். 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, பதினெட்டுக்குக் கீழ் நடந்த குற்றத்துக்காகப் பின்னால் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது என்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் ஆவணங்களை அழிக்கவும் சொல்கிறது. 16 வயதைத் தாண்டி, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவராகவே விசாரிக்கப்பட்டு, குற்றவாளி என்று முடிவானவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. குழுமத்தின் முடிவு உத்தரவில் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வுக்குப் பின் வரும் விசாரணைப் படிவத்தில் வழக்கு பற்றிக் கேட்டால், சொல்ல வேண்டியதில்லை என்ற வாதம் வலுவானதுதான். ஆனாலும் 'சிறார் நீதிக் குழுமத்தில் இன்ன தேதி முடிந்தது, பிரிவு 24 பொருந்தும்' என்று எழுதி நகலை இணைப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. சீருடைப் பணியில் பையன்கள் வேலையை இழப்பது வழக்கால் மட்டும் அல்ல, மறைத்ததால். மறைத்தது தெரிந்தால் என்ன செய்யலாம் என்பதை 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகவே சொல்லியிருக்கிறது.

இனி அண்ணன். போலீஸ் வேலையை அவர் மறந்துவிடுவது நல்லது. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக்கூட ஈடுபட்டவர் என்றே கருதுகிற விதி தமிழ்நாடு காவல் பணியில் இருக்கிறது. தனியார் வேலைக்கு அந்தத் தடை இல்லை. படிவத்தில் கேள்வியைக் கூர்ந்து படிக்கச் சொல்லுங்கள். 'தண்டனை பெற்றிருக்கிறீர்களா' என்பது வேறு, 'வழக்கு நிலுவையில் உள்ளதா' என்பது வேறு. கேட்டதற்கு உண்மையான பதில், கேட்காததற்கு மௌனம்.

பாஸ்போர்ட்டுக்கு, வழக்கு எந்தக் கட்டத்தில் என்று பார்க்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால் அது நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்காகாது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதிமன்றம் கோப்பில் எடுத்திருந்தால், அந்த நீதிமன்றத்திலேயே மனுப்போட்டு அனுமதி வாங்க வேண்டும். 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கைப்படி அந்த உத்தரவோடு பாஸ்போர்ட் தருவார்கள். உத்தரவில் காலம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குத்தான் கிடைக்கும். ஆகவே வக்கீலிடம் காலத்தையும் மனுவில் கேட்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டு ஓராண்டு பாஸ்போர்ட்டோடு திரும்பி வருகிறவர்கள் நிறைய.

எல்லாவற்றையும் கெடுப்பது வாய்தா. சென்னையில் வேலை கிடைத்த குஷியில் வாய்தாவுக்கு வராமல் இருந்தால் பிடிவாரண்ட் வரும். வாரண்ட் வந்தால் விசாரணைக்கு வேலை செய்கிற இடத்துக்கே போலீஸ் வரும். நேரில் வர முடியாத நாளுக்கு முன்கூட்டியே வக்கீல் மூலம் ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு மனு போட வேண்டும். '317 பெட்டிஷன்' என்பார்கள். புதிய சட்டத்தில் அது 355-ஆம் பிரிவு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இதையே போட்டால் நீதிபதி ஏற்கமாட்டார். மாதச் சம்பளத்தில் இரண்டு நாள் லீவை இதற்கென்றே ஒதுக்கிக்கொள்ள வேண்டியதுதான். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைக்கும், தொலைபேசி 15100. இரு தரப்பும் சமாதானமாகிவிட்ட சின்ன வழக்கு என்றால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கையே ரத்து செய்யக் கேட்கலாமா என்று அங்கேயே விசாரியுங்கள்.

கங்கைகொண்டான் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்தவள். 2003-ல் பிறந்தேன். பி.காம். முடித்துவிட்டேன். நேர்காணலில் எல்லாம் சரியாகப் போய், முகாம் என்றதும் 'பிறகு கூப்பிடுகிறோம்' என்கிறார்கள்.
– வாசகி

முதலில் ஒன்று கேட்கிறோம். உங்கள் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனா? 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன் பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். அம்மாவோ அப்பாவோ இங்கத்துக்காரர், அல்லது 1987-க்கு முன் இங்கே பிறந்தவர் என்றால் நீங்கள் குடிமகள். பிறப்புச் சான்றுகளை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். முகாமில் 1986-ல் பிறந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்க மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டிருக்கிறது.

அப்படி இல்லையென்றால், குடியுரிமை கேட்கிற அரசுப் பணி கிடையாது. தனியார் வேலைக்குத் தடை இல்லை. நிர்வாகத்தினருக்கு இருப்பது பயம். அந்தப் பயத்துக்கு இப்போது ஒரு தாள் இருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் விலக்கு உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கிறது. குடியுரிமை தருவதில்லை, ஆனால் 'சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவரை வைத்திருக்கிறோமோ' என்ற கேள்விக்கு அது பதில். முகாம் அடையாள அட்டை, ஆதார், பான் ஆகியவற்றோடு அந்த உத்தரவின் நகலையும் வைத்து, கேட்பதற்கு முன் நீங்களே நீட்டுங்கள்.

பி.காம். படித்தவருக்கு நாங்கள் சொல்வது, பெரிய கம்பெனிக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகம். டேலி கணக்கு மென்பொருளோடு ஜி.எஸ்.டி. தாக்கலும் கையில் இருக்க வேண்டும். மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் கணக்கான 3பி. இந்த இரண்டு தேதிக்கும் தவறாமல் கணக்கை முடித்துக் கொடுக்கிற ஆளின் முகவரி எது என்று எந்த வியாபாரியும் கேட்பதில்லை. இரண்டாண்டு கழித்து வீட்டிலிருந்தே பத்துக் கடைக்குக் கணக்கு எழுதலாம். தாமதமாகத் திரும்புகிற வேலை, வெளியூர்ப் பயிற்சி என்றால் முகாம் அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முகாமில் ஆள் பதியும் நாளில் இல்லாமல் போனால் வீட்டுக்கு அரசு தரும் பணக்கொடையில் சிக்கல் வரும்.

முக்கூடல் பக்கத்துக் கிராமம். இருபது வருசமாப் பீடி சுத்துதேன், முதுகு போச்சு. தையல் தெரியும். லோன் போட்டா பாதி மானியம்னு சொல்லுதாவ. மவளுக்கும் வேல வேணும்.
– வாசகி

பாதி இல்லை அம்மா. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமத்துப் பெண்ணுக்கு 35 சதவீதம், நகரம் என்றால் 25. நான்கு லட்ச ரூபாய்த் தையலகம் என்று வையுங்கள். உங்கள் பங்கு 5 சதவீதம், ரூ.20,000. வங்கிக் கடன் ரூ.3,80,000. மானியம் ரூ.1,40,000. இந்த மானியம் கைக்கு வராது. மூன்றாண்டு வங்கியில் உங்கள் பேரில் வைப்பில் கிடக்கும், அந்த அளவு கடனுக்கு வட்டி போடமாட்டார்கள். மூன்றாண்டு கடை நடந்திருந்தால்தான் கடனில் கழியும். 'மானியத்தை எடுத்துக்கொண்டு கடையை மூடிவிடலாம்' என்று யாராவது சொன்னால், முழுக் கடனும் உங்கள் தலையில். மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பம் இலவசம். ஐயாயிரம் கேட்கிற புரோக்கர் வேண்டாம்.

எங்கள் அபிப்பிராயம்: நான்கு லட்சத்துக்குப் போகாதீர்கள். ஜாக்கெட் தைத்தே பழகிய கை, பள்ளிச் சீருடை ஆர்டரை முதல் வருசமே எடுத்தால் ஜூன் மாதம் மாட்டிக்கொள்ளும். ஒரு பவர் மிஷின், ஓவர்லாக் மிஷின் ஒன்று, அதோடு தொடங்குங்கள். அதற்கு முன் கிராமப்புறச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் இலவசப் பயிற்சி போய்வாருங்கள், தங்குமிடமும் சாப்பாடும் உண்டு. வங்கி மேலாளர் அந்தச் சான்றைப் பார்ப்பார்.

மகளுக்குக் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை. அங்கே சோலார் ஆலையில் பெண்களைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். செல் கோர்ப்பது, அடுக்குவது, படம் பிடித்துக் கீறல் பார்ப்பது என்று நின்றுகொண்டே செய்கிற வேலை. சேரும் முன் கேட்க வேண்டியது மூன்று. கம்பெனி ரோலா, கான்ட்ராக்ட் ரோலா? இரவு ஷிப்டுக்கு வண்டி தெருமுனை வரை வருமா, நால்வழிச்சாலையில் இறக்கிவிடுமா? பி.எஃப். எண் எப்போது தருவார்கள்? கோவை, திருப்பூர் மில்லுக்கு 'மூணு வருசம் முடிச்சா மொத்தமா ஒரு தொகை' என்று ஆள்பிடிப்பவர் வந்தால் அனுப்பாதீர்கள். சம்பளக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். மொத்தமாகத் தருகிறேன் என்பது அவளுடைய பணத்தையே பிடித்துவைப்பது.

சுருக்கமாகச் சில

*ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிறோம். உட்கார்ந்தால் மேனேஜர் திட்டுகிறார்.* – உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 22-அ பிரிவு சேர்த்தாயிற்று. தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள்.

*வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை யாருக்கு?* – வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு ஆகியிருக்க வேண்டும், மாற்றுத்திறனாளிக்கு ஓராண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.72,000-க்குள். பொதுப்பிரிவில் மாதம் பத்து தவறியவருக்கு ரூ.200, தேறியவருக்கு ரூ.300, பன்னிரண்டுக்கு ரூ.400, பட்டதாரிக்கு ரூ.600, மூன்றாண்டு வரை. மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க மறந்தால் எல்லாம் போச்சு.

*குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தேன். 18 ஆகிவிட்டது, வெளியே போகச் சொல்கிறார்கள்.* – பின்காப்பு என்று ஒன்று இருக்கிறது. 21 வயது வரை, தேவைப்பட்டால் இன்னும் இரண்டாண்டு, மாதம் ரூ.4,000 வரை பயிற்சிக்கும் படிப்புக்கும். இல்லத்தை விட்டு இறங்குவதற்கு முன்பே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுங்கள். வெளியே வந்தபின் முகவரி இல்லாமல் ஆதாரை மாற்றுவது பெரும்பாடு. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனுநாள்.

*மூன்று கம்பெனி மாறினேன், மூன்று பி.எஃப். எண். ஒன்றில் என் பெயருக்கு இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். பணம் வரவில்லை.* – வேலை மாறினாலும் மாறாத பொது பி.எஃப். எண்ணான யூ.ஏ.என். ஒரு ஆளுக்கு ஒன்றுதான். பழைய கணக்குகளை இப்போதைய எண்ணுக்கு மாற்றுங்கள், எடுத்துவிடாதீர்கள். ஐந்தாண்டு சேவைக்கு முன் ரூ.50,000-க்கு மேல் எடுத்தால் வரி பிடிப்பார்கள். பெயரைத் திருத்த, உங்கள் யூ.ஏ.என். 2017 அக்டோபர் 1-க்குப் பின் ஆதாரோடு எடுத்ததாக இருந்தால் 2025 முதல் முதலாளி ஒப்புதல் இல்லாமலே இணையத்தில் மாற்றலாம். அதற்கு முந்தையது என்றால் பழைய கம்பெனியின் ஒப்புதல் வேண்டும், கம்பெனி இழுத்து மூடியிருந்தால் நேரே பி.எஃப். அலுவலகம். போகும்போது முதல் வேலையின் சம்பளச் சீட்டு ஒன்றாவது கையில் இருக்கட்டும்.